மேல்வீட்டில் இருந்த திரும்பிப்பாத்தான்

பதினைந்து வருடம் உதைபந்து விளையாடிச் சம்பளம் எடுத்த ஒருவன், அந்தப் பதினைந்து வருடத்திலும் மூன்றே மூன்று கோல்தான் அடித்தான், அதிலும் ஒன்று தன்னுடைய அணியின் வலைக்குள் என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எங்கள் வாடகை வீட்டுக்காரர் சூசை அண்ணை நினைத்ததைத்தான் நினைப்பீர்கள். ஆனால் நான் சொல்கிறேன்: மொன்றியலில் கால் வைத்த ஆட்டக்காரர்களுக்குள் அவனைப் போல ஒரு கெட்டிக்காரன் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவனுடைய உடுப்புகளைத் தோய்த்தவன் நான்.

அப்போது நான் நகரத்து உதைபந்து அணி ஒன்றின் சலவை அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஓர் ஆட்டக்காரனைப் பயிற்சியாளருக்குப் பாதிதான் தெரியும். உடுப்புத் தோய்க்கிறவனுக்குத்தான் முழுவதும் தெரியும். முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிறவர்களின் சட்டை நெஞ்சில் பச்சையாக இருக்கும். கோல் விழுந்த சந்தோஷத்தில் நெஞ்சால் வழுக்கிக்கொண்டு போவார்கள். பின்காவலர்களின் காற்சட்டை இடுப்போடு சேறு. இவன் நடுக்களத்துக்காரன். சட்டையில் ஒரு கறையும் இராது. கழுத்துப்பட்டி மட்டும் இரண்டு மாதத்தில் நைந்து நூல் நூலாக வந்துவிடும்.

காரணம் அவனுடைய கழுத்து. பந்து தன்னிடம் வருவதற்கு முன்னரே யார் எங்கே நிற்கிறார்கள் என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதில் யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். களத்தை விட்டு வெளியே வந்தால் நிறுத்தலாம் என்று சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

2004 வசந்தத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து கிரேக்கம், ஸ்கொட்லாந்து, மலேசியா எல்லாம் சுற்றி எங்கள் அணிக்கு வந்து சேர்ந்தான். இருக்க வீடு தேடினான். வில்லரே பகுதியில் நான் குடியிருந்த வீட்டின் மேல்தளம் வெறுமையாகக் கிடந்தது. கூட்டிக்கொண்டு போனேன். வெளியே இருந்த இரும்புப் படியில் ஏறும்போதே நான்கு தரம் தெருவைத் திரும்பிப் பார்த்தான். சூசை அண்ணை என்னை ஒரு பக்கமாக இழுத்தார்.

"உவன் ஆரடா தம்பி? என்னத்துக்குப் பின்னுக்குப் பின்னுக்குப் பாக்கிறான்?"

"விளையாட்டுக்காரன் அண்ணை."

"எங்கட ஊரில உப்பிடிப் பாத்தவன் எல்லாருக்கும் பின்னால ஒரு ஆமி ஜீப் வந்தது."

அண்ணையின் மனைவி மேரி அக்கா யன்னல் திரையை விலக்கித் தெருவின் இரண்டு முனையையும் பார்த்தா. ஜீப் ஒன்றும் வரவில்லை. வீடு கிடைத்தது. அன்றைக்கே பட்டமும் வைத்தாயிற்று: திரும்பிப்பாத்தான். அவனுடைய உண்மையான பெயர் அணியின் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

மூலையில் இருந்த டெபனர் என்கிற சில்லறைக் கடைக்கு வாழைப்பழம் வாங்கப் போவான். கடைக்காரப் பெண், ஒரு மாதமாக அவன் பின்னாலேயே அலமாரி அலமாரியாக நடந்திருக்கிறாள். கள்வன் என்று நினைப்பு. நான் போய் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன்: "அவர் நடுவில விளையாடுறவர், மடாம்." அவள், "எதுக்கும் எதுக்கும் நடுவில?" என்று கேட்டாள்.

சூசை அண்ணை பாசையூர் என்ற கடற்கரை ஊர்க்காரர். அந்தக் கரையில் பிள்ளைகள் நடக்கப் பழக முதல் உதைக்கப் பழகுவார்கள். அண்ணை அங்கே முன்வரிசை ஆட்டக்காரர். விளையாட்டை விட்டு முப்பது வருடமாகியும் அவர் அடித்த கோல்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டேதான் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் குடித்தனக்காரனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அவன் கதைத்தது அவுஸ்திரேலிய ஆங்கிலம். நான் அதை எங்கள் தமிழில்தான் எழுதப் போகிறேன். அவன் கதைத்தது எனக்குள் அப்படித்தான் தங்கியிருக்கிறது.

"எத்தினை கோல் அடிச்சிருக்கிறாய்?" என்றார் அண்ணை.

"மூண்டு."

"இந்த வருசத்திலயோ?"

"மொத்தமா."

அண்ணை கையில் எடுத்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தார். "அப்ப நீ அங்க நிண்டு என்னதான் செய்யிறனி?"

"குடுக்கிறனான்."

"என்னத்தை?"

"பந்தை. என்னை விட நல்ல இடத்தில நிக்கிறவனுக்கு."

"அப்ப நீ தபால்காரன்."

"ஓம்," என்றான். அந்த ஒரு சொல்லை மேரி அக்கா அதற்குள் பழக்கிவிட்டிருந்தா. கோபமே இல்லை. மலேசியாவில் உறைப்புத் தின்று பழகிய நாக்கு. மீன்குழம்பை இன்னொரு தரம் கேட்டு வாங்கினான்.

சாப்பிட்டு முடிய, குசினிக்குள் பத்து நிமிடம் நின்று மேரி அக்கா இராச் சமையலைத் தொடங்குவதையே பார்த்தான். பிறகு சொன்னான்: "அக்கா, அரிசி வாளி அடுப்புக்குத் தூரம். ஒவ்வொருமுறையும் நீங்கள் திரும்பி நாலு எட்டு நடக்கிறியள். பின்னால அலுமாரிக் கதவு திறந்து கிடக்கு, அது உங்களுக்குத் தெரியேல்லை." வாளியைத் தூக்கி இடம் மாற்றினான். தட்டுகளைக் கீழே இறக்கினான். அக்கா முதலில் முறைத்தா. அடுத்த ஞாயிறு சமையல் வழமையை விட வெள்ளென முடிந்து, பூசைக்கு முதல் ஆளாகப் போய் நின்றா. "இருவது வருசமா இந்த மனிசன் இந்தக் குசினியில சாப்பிடுறார். ஒரு நாளாவது திரும்பிப் பாத்தவரே?" என்று கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. அதற்குப் பிறகு அண்ணைக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது.

ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். எதிரி பின்னால் வருகிறான் என்று கூட்டாளிக்குக் கத்திச் சொல்வது நடுக்களத்துக்காரனின் வேலை. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல், பிரெஞ்சில் அதை விட நீளம். "தமிழில ஒரு சொல் போதும். ஆள்!" என்றார் அண்ணை. அவன் அதை மைதானத்துக்குக் கொண்டுபோனான். இரண்டாம் வருடம் முடிவதற்குள் கியூபெக் கிராமங்களிலிருந்து வந்த பெடியள் எல்லாம் "ஆள்! ஆள்!" என்று கத்தி விளையாடினார்கள். எதிரணிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சலவை அறையில் நின்றுகொண்டு நான் தனியே சிரிப்பேன்.

2006 கோடையில் உலகக் கிண்ணம். அவுஸ்திரேலியா இத்தாலியுடன் மோதியது. அந்த அணியில் இருந்த இரண்டு பேருடன் இவன் பள்ளிக்கூட வயதில் விளையாடியவன். பகல் நேரம்; அண்ணையின் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்கள் நால்வர். கடைசி நிமிடத்தில் தண்ட உதை. அவுஸ்திரேலியா தோற்றது. எங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே இத்தாலியர்களின் தெருக்கள். அடுத்த நிமிடம் கார் ஹோர்ன்கள் யன்னல் கண்ணாடியை அதிர வைத்தன. அண்ணை எழும்பிப் போய் யன்னலை இழுத்துச் சாத்தினார்.

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அந்த இத்தாலி இடதுபக்கப் பின்காவலன் ஓடின ஓட்டம் நல்ல ஓட்டம். ஒருத்தரும் அவனைப் பாக்கேல்லை."

கண் மட்டும் சிவந்திருந்தது. அண்ணை குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் நான் இருந்த ஆறு வருடத்தில் அண்ணை கையால் தேத்தண்ணி போட்டது அன்றைக்குத்தான்.

அந்த வருடம் செப்டெம்பரில் அடுத்த பருவத்துச் சட்டைகளுக்கு இலக்கம் அடிக்கிற பட்டியல் சலவை அறைக்கு வந்தது. அவன் போடுகிற ஆறாம் இலக்கத்துக்கு நேரே வேறு பெயர். மேலிருந்து கீழே மூன்று தரம் பார்த்தேன். அவனுடைய பெயர் எங்குமே இல்லை. அவனுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. வயது முப்பத்து மூன்று, வலது முழங்கால் பழுது. வேறு எந்த அணி எடுக்கும்? சொல்வதா, விடுவதா? சொன்னால் என் வேலைக்குக் கூடாது. சொல்லாவிட்டால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் வேலை முடிந்து வர, இரும்புப் படியில் முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "நீ சொல்லத் தேவையில்லை."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நாலு நாளா என்ர சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு வைக்கிறாய். மற்றவங்களின்ரயைச் சுருட்டித்தானே எறியிறனி."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கடைசி ஆட்டத்தில எண்டாலும் இறக்கினாங்கள் எண்டால் நல்லம்," என்றான். "வாங்கில இருந்து முடிக்க விருப்பமில்லை." ஓகஸ்ட் முழுவதும் அவனைக் களத்தில் இறக்காமல் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில்தான் இருத்தியிருந்தார்கள்.

இதை நான் சூசை அண்ணையிடம் சொன்னது என் பிழை. அல்லது அந்த வருடம் நான் செய்த ஒரே நல்ல காரியம். அடுத்த நாள் காலை அவர், மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு பயிற்சி மைதானத்துக்கு வந்துவிட்டார். சலவை அறைக் கதவால் கண்ட நான் தோய்த்த உடுப்புகளைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். நேரே பயிற்சியாளரிடம் போனார். பிரெஞ்சில் தொடங்கி, ஆங்கிலத்துக்கு மாறி, கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டார்.

"உங்கட முன்னுக்கு நிக்கிற பெடியனுக்கு ரெண்டு கண்ணும் முன்னுக்குத்தான். அவனுக்குப் பின்னால நடக்கிறதை ஆர் பாக்கிறது? நீங்கள் பாக்கிறியளோ?"

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன், மரியாதையைக் கொஞ்சம் கூட்டி.

"இவர் அவருடைய முகவரா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"இல்லை," என்றார் அண்ணை, அது விளங்கி. "வீட்டுக்காரன்."

பயிற்சியாளர் நல்ல மனிதர். சிரிக்காமல் இருக்கப் பெரிதும் பாடுபட்டார். "அடுத்த வருடத்துப் பட்டியலை மாற்ற முடியாது. ஆனால் கடைசி ஆட்டத்தைப் பற்றி யோசிக்கிறேன்," என்றார்.

யோசித்தார். ஒக்டோபர் முதல் கிழமை, ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், முதல் பதினொரு பேரில் அவனும் இறங்கினான். வில்லரேயிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் நாற்பது தமிழர் மெட்ரோவில் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு உதைபந்தே தெரியாது. மேரி அக்கா மீன் ரோல்ஸ் சுட்டு வந்திருந்தா. எண்பதாவது நிமிடம், ஆட்டம் சமநிலை. தட்டுப்பட்டுத் தெறித்த பந்து அவன் காலடியில் வந்து விழுந்தது. முன்னால் கோல் காப்பாளன் சறுக்கி விழுந்து கிடக்கிறான். வலை முழுவதும் வெறுமை.

சூசை அண்ணை கதிரையில் ஏறி நின்றார். "அடியடா! கடவுளே, அடியடா!"

அவன் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். வலையை இன்னும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்ற பத்தொன்பது வயதுப் பெடியனுக்குப் பந்தைக் கொடுத்தான். பெடியன் உதைத்த உதையில் பந்து கம்பத்துக்கு மேலால் பறந்து கார்த் தரிப்பிடத்தில் விழுந்தது.

நாற்பது தமிழரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தார்கள். பெடியன் புல்லில் குப்புறக் கிடந்து அழுதான். இவன் போய் அவனைத் தூக்கி நிறுத்தி, காதில் ஏதோ சொல்லி, முதுகில் தட்டிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினான். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அவனும் எங்களோடு வந்தான்; அண்ணை நான்கு தரிப்பிடம் வரை மிஞ்சிய மீன் ரோல்ஸை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தார். பிறகு பொறுக்க ஏலாமல் கேட்டார்: "ஏன் அடிக்கேல்லை?"

"அவன் என்னை விட நல்ல இடத்தில நிண்டவன்."

"அவன் வெளியால அடிச்சிட்டானே!"

"அது அவன்ர வேலை அண்ணை. நான் என்ர வேலையைச் சரியாச் செய்தனான்."

அண்ணை ஒரு ரோல்ஸை எடுத்து அவனிடம் நீட்டினார். "ஓம்," என்றார். "குடுத்த பந்து நல்ல பந்துதான்." பாசையூர் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த மாதக் கடைசியில் அவன் அவுஸ்திரேலியாவுக்குப் போனான். அங்கே பெண் பிள்ளைகள் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. அண்ணைதான் விமான நிலையத்துக்குக் கார் ஓட்டினார். வழியெல்லாம் அவனிடம் கதைத்தது குளிரைப் பற்றியும் பாதை திருத்த வேலை பற்றியும் மட்டும்.

அந்த மாரிக் குளிர் முழுவதும் மேல்வீடு வெறுமையாகக் கிடந்தது. கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "ஹீட்டர் பழுது" என்றார் அண்ணை. தை மாதம் ஒரு நாள், திருத்திக் கொடுக்கலாம் என்று குறடு, சுத்தியல் கிடந்த ஆயுதப் பெட்டியோடு மேலே ஏறிப் பார்த்தேன். அறை இதமான சூட்டில் இருந்தது. ஹீட்டருக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த கிழமை ஒரு குடும்பம் என்னிடம் வந்து வீடு விசாரித்தது.

"ஹீட்டர் பழுது," என்றேன்.