பதினேழு பக்க மறதி

மறதியில் ஒரு தனி ரகம் உண்டு: தேவைப்படும்போது வந்து, வேலை முடிந்ததும் போய்விடும். அதற்குச் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டுமா? சட்டமன்றக் குழுவின் விசாரணை அறை வாசலில் போய் நில்லுங்கள்.

குழுவுக்குச் சுருக்கெழுத்து எழுதும் பெண் அங்கேதான் அவரைச் சந்தித்தாள். புதுப் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர்.

"உங்கப்பா தபால் ஆபீஸ்லதானேம்மா இருந்தார்? பச்சை ஸ்கூட்டர். நம்பர் நாலு ஏழு ஒண்ணு ரெண்டு."

"அதை வித்துப் பன்னெண்டு வருஷமாச்சே சார்!"

"எனக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்மா, சாகிற வரைக்கும் மறக்காது."

உள்ளே போனார். பொய்ச்சாட்சி சொன்னால் ஏழாண்டு வரை சிறை என்று தலைவர் படித்துக் காட்ட, பவ்யமாகத் தலையாட்டி உறுதிமொழி எடுத்தார். அந்த நொடியே மூளை துடைத்துவிட்டது போல் ஆகிவிட்டது. பாலத்தில் விரிசல் என்று திறப்பு விழாவுக்கு முன்பே வந்த அறிக்கையைப் பார்த்தாரா? பார்த்த ஞாபகமே இல்லை. உதவியாளரே அவர் கையில் கொடுத்தாராமே? எந்த உதவியாளர்? (அவருக்குப் பின்னால் கோப்போடு நின்றிருந்தவர் இருமினார்.) பொய்க்குத் தண்டனை உண்டு. மறதிக்கு?

ஆனால் இந்த இனத்துக்கு ஒரு பலவீனம்: அடுத்தவர் தப்பாகச் சொன்னால் பொறுக்காது. ஓரமாக உட்கார்ந்திருந்த பெண் உறுப்பினர் ஒருவர் பரிதாபமாக உச்சுக்கொட்டினார்.

"ஐம்பது பக்க அறிக்கையாமே. யாரால படிக்க முடியும், பாவம்!"

"ஐம்பதா? யார் சொன்னா? பதினேழு பக்கம்தாம்மா! கடைசிப் பக்கத்துல ரெண்டு போட்டோ!"

சுருக்கெழுத்துப் பெண்ணின் பென்சில் ஓடியது.

சிரிக்காதீர்கள். போன வாரம் மைத்துனர் கேட்ட உதவிக்கு, "நீங்க அனுப்பின மெசேஜையே நான் பார்க்கலையே" என்றீர்களே, அது யார்? உங்கள் வீட்டில் சுருக்கெழுத்து எழுத ஆளில்லை. அதனால் வெளியே நடமாடுகிறீர்கள்.

சாட்சியம் முழுவதும் சரியாகப் பதிவாகியிருக்கிறது என்று சுருக்கெழுத்துப் பெண் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யாகப் போட்டால் அவளுக்கும் அதே சிறைதான். அன்று மாலை பேனா மூடியைக் கழற்றியபோது மேஜைக்கு எதிரே பொறியாளர் வந்து நின்றார். குரல் தேனாக இருந்தது.

"அந்தப் பதினேழு பக்கம் மட்டும் காதுல விழலைன்னு போட்டுடேன்மா. எந்த டாக்டர் வந்து உன் காதைப் பார்க்கப் போறார்?"