மரபு மீறிய சிப்பிகள்

உலகில் மாறாதவை இரண்டு. ஒன்று கடல், மற்றொன்று கடல்வள ஆய்வகத்தின் அலுவலக மரபு. கடல் இப்போது சூடேறி மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே மனித குலத்தின் மொத்த நம்பிக்கையும் அந்த அலுவலகத்தின் மேல்தான்.

இந்த நம்பிக்கையில் மண்ணை அள்ளிப் போட்டவர், எல்லோரும் 'சிப்பியம்மா' என்று கூப்பிடும் ஆய்வாளர். ஐந்து வருடமாகச் சூடான கடல்நீர்த் தொட்டியில் சிப்பி வளர்த்தார். சூடு தாங்காதவை செத்தன. தாங்கியவை இனம் பெருக்கின. கொள்ளுத்தாத்தாக்கள் வாயைப் பிளந்த அதே சூட்டில் ஐந்தாம் தலைமுறைப் பொடிசுகள் ஜம்மென்று வளர்ந்தன. சிப்பியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

'சிப்பிகளில் மரபு மாற்றம் நிகழ்ந்துள்ளது. தொட்டியின் பம்பு பழுது. புதியது வராவிட்டால் மூன்றே நாளில் அத்தனையும் இறந்துவிடும்' என்று விண்ணப்பித்தார்.

தலைமை எழுத்தர் 'மரபு மாற்றம்' என்பதன் அடியில் சிவப்புக் கோடு போட்டார்.

"மரபை மாத்த கமிட்டி ஒப்புதல் வாங்கினீங்களாம்மா?"

"சார், இது சிப்பியோட மரபு. அதோட உடம்புக்குள்ள இருக்கிறது."

"எங்க இருந்தா என்னம்மா? நம்ம ஆபீஸ் வளாகத்துலதானே மீறியிருக்கு?"

கமிட்டி இரண்டு மணி நேரம் கூடியது. தீர்மானம்: 'மாற்றத்தை இவ்வலுவலகம் என்றும் "வரவேற்கிறது". எனினும் முன் அனுமதியின்றி மாறிய சிப்பிகள் பழைய நிலைக்குத் திரும்பும்வரை புதிய பம்பு வழங்குவது நிறுத்திவைக்கப்படுகிறது.'

சிப்பியம்மா தீர்மானத்தின் நகலை மடித்துக்கொண்டு வெளியே வந்தார். தொட்டியருகே போய் நின்றார். பம்பு விட்டுவிட்டு இருமியது. இத்தனூண்டு சிப்பியே இடத்துக்குத் தக்கபடி மாறும்போது நமக்கென்ன கேடு என்று விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினார்: 'சிப்பிகள் வழக்கம்போல் உள்ளன. வழக்கம்போல் ஒரு பம்பு தேவை.'

ஐந்தே நிமிடத்தில் இயக்குநர் கையெழுத்துப் போட்டார். மின்விசிறிக் காற்றில் மற்ற காகிதங்கள் பறக்காமலிருக்க, மேஜை மேலிருந்த வெள்ளைச் சிப்பி ஓட்டை எடுத்துக் கோப்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா? மாறாம இருந்தா எவ்வளவு நல்லதுன்னு!"

"ஆமா சார். முதல் தலைமுறையில ஒரு சிப்பி கடைசிவரைக்கும் மாறவே இல்ல."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! எங்கம்மா இருக்கு அது?"

"உங்க கைக்கு அடியிலதான் சார். ஃபைல் நகராம பாத்துக்குது."