நீளமுடிக்காரருக்குக் கடைசியில்

தலைமுடி நீளமாக உள்ள ஆண்களைக் கவுண்டரில் கடைசியாகவே கவனிக்க வேண்டும். எழுபதுகளில் எங்கள் வாகன உரிம அலுவலகச் சுற்றறிக்கையின் முதல் பத்தி இது. தாளின் பின்பக்கத்தில் இன்னொரு பத்தி இருந்தது: சமய வேண்டுதலுக்காக முடி வளர்ப்பவர்களுக்கு இவ்விதி பொருந்தாது. நான் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். (வாரந்தோறும் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டவன், ஒரு தாளைத் திருப்பவில்லை.)

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். ஒரு கட்டில், ஒரு ரெக்கார்டு பிளேயர், முப்பத்தேழு ராக் இசைத்தட்டுகள். அட்டைகளில் எல்லாருக்கும் தோள்வரை முடி. எனக்கோ எண்ணெய் தேய்த்து வகிடெடுத்த அரசாங்கத் தலை. சனிக்கிழமைதோறும் என் பள்ளித் தோழன் சந்திரன் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வருவான். ஒவ்வொரு கிதார் வாசிப்புக்கும் நான் விளக்கவுரை நிகழ்த்துவேன், அவன் தலையாட்டுவான். வேறு யாரும் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

சில மாதங்களில் அவன் முடியும் தோளைத் தொட்டது. என் ரசனை ஒருவனைத் திருத்திவிட்டது என்று நான் பூரித்துப்போனேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, லோரி ஓட்டும் உரிமத்துக்கான விண்ணப்பப் பாரத்தோடு என் கவுண்டரில் வந்து நின்றான். கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை தயார். விண்ணப்பித்த ரசீதை அன்று மாலைக்குள் காட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

"மணியம், சீக்கிரம் ரசீதுல சாப் குத்துடா."

"உட்காருங்க. கடைசியில கூப்பிடுவோம்." (ஆமாம், "உட்காருங்க". பதவி மரியாதை!)

"டேய், நான்தான்லா!"

"சுவத்துல விதி ஒட்டியிருக்கு, போஸ்டரைப் படிங்க."

"அம்மாவுக்கு ஆப்பரேஷன்டா. பத்துமலைக் கோயிலுக்கு முடி நேர்ந்திருக்கேன்."

சனிக்கிழமை தவறாமல் ராக் கேட்பவனுக்கு வேண்டுதலாம்! பேனாவால் பெஞ்சைக் காட்டினேன்.

மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தான். வரிசை குறையவில்லை. பிறகு ஆளைக் காணோம். மூன்றரைக்கு, எதிரிலிருந்த முடிதிருத்தும் கடையில் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றான். காதோரம் சோப்பு நுரை காயவில்லை. முறைப்படி உடனே பாரத்தை வாங்கினேன். முறைப்படியே அதில் ஒட்டியிருந்த படத்தையும் ஆளோடு ஒப்பிட்டேன்.

"படத்துல முடி இருக்கு, ஆளுக்கு இல்ல. புதுப் படம் எடுத்துட்டு வாங்க."

பெஞ்சிலிருந்த சீனப் பெரியவர் ஒருவர், "அலாமாக்!" என்று வாய்விட்டே பரிதாபப்பட்டார். சந்திரன் பாரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு கோப்பை கோப்பி கலக்கி வைத்தேன். இரண்டையும் நானே குடித்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. பிறகு கல்யாணம், மகள், பதவி உயர்வு எல்லாம் வந்தன, அவன் வரவில்லை. பழைய கோப்புகளை அழிக்கும்போதுதான் சுற்றறிக்கையின் பின்பக்கம் கண்ணில் பட்டது. அன்றே இசைத்தட்டுகளைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன்.

ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பெட்டியைப் பிரித்தேன். மனைவி காலமாகிவிட்டாள், மகள் தன் குடும்பத்தோடு ஸ்ரீ கெம்பாங்கானில். தட்டைச் சுழலவிட்டு, காலி நாற்காலிக்கு விளக்கவுரை சொன்னேன். நாற்காலி தலையாட்டவில்லை. மகளிடம் இந்தக் கதையைச் சொன்னது அடுத்த தவறு. "அப்பா, ஞாயிற்றுக்கிழமை அப்படியே வரலாமா, முடி வெட்டிட்டு வரணுமா?" என்று இன்றுவரை போனில் கேட்கிறாள். இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

சந்திரனின் பழைய கிள்ளான் முகவரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பிறகு முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"மணியம், மூணு கடிதமும் கிடைச்சது. அம்மா அப்பவே பிழைச்சுட்டாங்க. மறுபடியும் வளர்த்து முடியைக் கொடுத்துட்டேன். வேற வேலையும் கிடைச்சது. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் பாட்டு ஒண்ணுகூட எனக்குப் பிடிக்காது. தலைவலிதான் வரும். நீ தனியா இருக்கியேன்னுதான்டா வந்தேன்."

நின்றபடியே இரண்டு முறை படித்தேன். பிறகு, கை பழகிய வழக்கப்படி, மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டேன்: 11 மார்ச் 1999.