அணையாத அடுப்பும் ஆற்றுக்குப் போகாத குடமும்

ஒரு காட்டில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. கரடி என்றதும் தேன்கூட்டில் கையை விட்டுக் கொட்டு வாங்கும் பிராணி என்று நினைத்துவிட வேண்டாம். இது தொழிலதிபர் கரடி. சுற்றுவட்டாரக் காடுகளிலேயே பெரிய அடுப்பு இதனிடம்தான் இருந்தது. நாப்தா என்ற எண்ணெயை அந்த அடுப்பில் ஊற்றிக் காய்ச்சி உடைத்தால் பிளாஸ்டிக்குக்கு வேண்டிய சரக்கு வரும். அந்தச் சரக்கை ஊதிச் சடையாண்டி குடம் செய்து விற்றது.

மிருகங்களுக்குக் குடம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் காட்டில் ஆறு பள்ளத்தில் ஓடியது. ஆற்றங்கரையில் ஒரு மலைப்பாம்பு இருந்தது. குட்டி போட்டவர்களெல்லாம் அதற்குப் பயந்து மேலே மொட்டைப் பாறையில் குடியிருந்தார்கள். தாய் மட்டும் இறங்கிப் போய் ஒரு குடம் மொண்டு வந்தால் அன்றைக்குக் குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம்.

சடையாண்டியின் குடம் லேசில் உடையாது. யானை ஏறி மிதித்தால் யானைக்குத்தான் கால் வலிக்கும். அதில் கரடிக்கு மகா கர்வம். பாறையில் குடியிருந்த செவ்வந்தி என்ற முயல் தலைச்சன் பிரசவத்தில் வாங்கிய குடத்தையே இத்தனை ஈற்றுக்கும் வைத்துக்கொண்டிருந்தது. முயலின் ஈற்றுக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல.

அடுப்பில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. அது அணையக் கூடாது. அணைந்து ஆறினால் உள்ளே இருக்கும் குழாயெல்லாம் கரி பிடித்து, இறுகி, விரிசல் விட்டுவிடும். அப்புறம் அது அடுப்பல்ல, குட்டிச்சுவர். அதனால் சடையாண்டி வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வருகிறவர்களை மற்ற வீடுகளில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அங்கே வருகிறவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும், அடுப்பு எரிகிறதா என்று. எரிகிறது என்று பதில் வந்த பிறகுதான் மற்ற பேச்சு. சடையாண்டியின் கல்யாணத்திலேயே ஐயர் கொக்கு அப்படிக் கேட்டுவிட்டுத்தான் தாலியை எடுத்துக் கொடுத்ததாம். மனைவி பேச்சியம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

நாப்தா உள்ளூரில் கிடைக்காது. மணல்காட்டு ஒட்டகங்கள் தோல்பைகளில் சுமந்து வரும். வரும் வழியில் ஒரு குறுகலான நீர்த்துறை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு முதலை, அந்தப் பக்கம் ஒரு முதலை. ஒரு நாள் இரண்டு முதலைகளுக்கும் எந்த மணல்திட்டில் யார் வெயில் காய்வது என்று தகராறு வந்தது. வாலடியும் பல்கடியுமாகத் துறையே ரணகளமாகிவிட்டது. ஒட்டகங்கள் நின்ற இடத்திலேயே மண்டி போட்டு உட்கார்ந்து அசைபோட ஆரம்பித்தன. முதலைகள் சமாதானம் ஆகட்டும், வருகிறோம் என்று சொல்லியனுப்பின.

அசைபோட ஒட்டகத்துக்கு நேரம் உண்டு. அடுப்புக்கு ஏது? சுவாலை ஒரு முழம் இறங்கியது. அப்பன் காலத்தில்கூட அந்த நெருப்பு அப்படிச் சுணங்கியதில்லை. தன் கையிலா அணைய வேண்டும் என்று சடையாண்டி உண்மையாகவே அழுதது.

அந்த நேரம் பார்த்து வேலிமேல் ஓர் ஓணான் போனது. பெயர் சர்வேசன். மேல்நாட்டு வேலியில் படித்துவிட்டு வந்து, ஆலோசகர் என்று பலகை மாட்டியிருந்தது. நாம் எதைச் சொன்னாலும் தலையாட்டும் என்பதால் அதற்கு எல்லாக் காட்டிலும் நல்ல பெயர். வேலியில் போன அதைச் சடையாண்டி கூப்பிட்டு உட்கார வைத்தது. ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதை ஊரறிந்தது. கரடிக்கு வேட்டி கிடையாது. ஆனாலும் குடைச்சலில் ஒரு குறையும் இல்லை.

சர்வேசன் அடுப்பைச் சுற்றிவந்து தலையாட்டிவிட்டு, ஒரே சரக்கை நம்பியிருப்பது பழைய காலத்துப் புத்தி என்றது. கடலுக்கு அப்பால் காட்டெருமைகள் பாறையைக் குத்திக் கிளறி வாயு எடுக்கின்றனவாம். மலிவாம். வேண்டிய மட்டும் கிடைக்குமாம். ஆனால் வாயுவுக்கு அடுப்பின் வாய் இவ்வளவு அகலம் ஆகாது, குறுக்கிக் கட்ட வேண்டும். சடையாண்டி கொத்தனார் தூக்கணாங்குருவிகளை அழைத்து, அடுப்பு எரிய எரியவே வாயைக் குறுக்கியது. கட்டி முடிப்பதற்குள் குருவிகளுக்கு இறகெல்லாம் தீய்ந்துவிட்டது. அது வேறு கதை.

வாயு வந்தது. அடுப்பு நீல நிறத்தில் ஜம்மென்று எரிந்தது. குடமும் வந்தது. ஆனால் மூடி வரவில்லை.

விஷயம் என்னவென்றால், நாப்தாவை உடைத்தால் குடத்துக்கு ஒரு சரக்கு, மூடிக்கு ஒரு சரக்கு, மூடியின் விளிம்புக்கு ரப்பர் என்று கூட்டுக் குடும்பமாக வந்து இறங்கும். வாயுவை உடைத்தால் ஒற்றைப் பிள்ளைதான். குடத்துக்கு மட்டும் ஆகும். இதை சர்வேசனிடம் கேட்டபோது அது நிதானமாகத் தலையாட்டிவிட்டு, மூடி இல்லாவிட்டால் மொள்ளுவது இன்னும் சுலபம்தானே என்றது. மூடியில்லாத குடத்தைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறிய தாய்மார்கள் பாதி நனைந்தும் பாதி வைதும் வீடு சேர்ந்தார்கள். நல்ல வேளையாகச் செவ்வந்தி போன்றவர்களிடம் பழைய குடம் இருந்தது.

அந்த வருஷம் நம் காட்டு ராஜா சிங்கம் காட்டெருமைத் தேசத்துக்கு விருந்துக்குப் போனது. காட்டெருமை ராஜா எழுந்து நிற்கவில்லையாம். அதற்கு முழங்காலில் வலி என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் நம் ராஜா திரும்பி வந்து, அந்தத் தேசத்து வாயுவுக்கு ஆளை அசத்தும்படி ஒரு வரியைப் போட்டுவிட்டது. வாயு நின்றது. சரியாக அதே வாரம் துறைமுதலைகள் இரண்டும் சம்பந்தம் பேசிச் சமாதானமாகிவிட, ஒட்டகங்கள் நாப்தாவை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றன. இதுவரை இல்லாத மலிவு. ஊற்ற வாயில்லை. வாயைத்தான் குறுக்கியாகிவிட்டதே; மறுபடி அகட்டக் கூப்பிட்டால் குருவிகள் வர மறுத்துவிட்டன.

சடையாண்டி சர்வேசனைப் பிடித்துக்கொண்டது.

“இப்படி ஆகும்னு உமக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். எதிர்பார்த்ததுதான்.”

“அப்போ ஏன்யா சொல்லலை?”

“அது வேற ரிப்போர்ட் சார். நீங்க அதைக் கேக்கலையே.”

பிறகு பெருச்சாளிகள் தோண்டிய நிலக்கரியைப் பொடித்துத் தூவிப் பார்த்தார்கள். காட்டிலிருந்த கொக்கெல்லாம் காக்கையாயிற்று. பெண் பார்க்க வந்த கொக்கு பெண்ணை அடையாளம் தெரியாமல் திரும்பிப் போனது. காட்டுப்பன்றிகள் விளைவித்த ஆமணக்கிலிருந்து எண்ணெய் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். அதைக் கேட்க வேண்டாம். விளக்கெண்ணெய் குடித்த வயிறு என்ன பாடு படுமோ அடுப்பும் அந்தப் பாடு பட்டது. சுவாலை விரல் அளவுக்கு வந்துவிட்டது. சடையாண்டி தன் படுக்கையை அடுப்பின் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு ஊதியபடி கிடந்தது.

அப்போதுதான் சர்வேசன் தன் கடைசி யோசனையைச் சொன்னது. வெளியிலிருந்து ஏன் சரக்கு வர வேண்டும்? பழைய குடத்தையே உருக்கி ஆவியாக்கினால் அது எந்த வாய்க்குள்ளும் போகும். குடத்திலிருந்து குடம். முதலையும் வேண்டாம், காட்டெருமையும் வேண்டாம். ராஜாவுக்கு இந்த மாதிரி விஷயம் பிடிக்கும் என்றும் சொன்னது.

கரடிக்கும் பிடித்துப்போனது. பாறைக்கு ஏறிப்போய் வீடு வீடாகப் பழைய குடம் கேட்டது. ஒருவரும் தரவில்லை.

“எதுக்கண்ணே குடுக்கணும்? நல்லாத்தானே இருக்கு” என்றாள் செவ்வந்தி. “நீங்க செஞ்சதுதானே? கீறல்கூட விழலை பாருங்க.”

வேறொரு சமயமாக இருந்தால் இந்த வார்த்தைக்குச் சடையாண்டி ஒரு தேனடையே பரிசாகக் கொடுத்திருக்கும். அன்றைக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன் குடம் உடையவில்லையே என்று அது வாழ்க்கையில் முதன்முறையாக வருத்தப்பட்டது. வருத்தப்பட்டதற்காக வெட்கமும் பட்டது.

இறங்கி வந்தபோது சர்வேசன் வாசலிலேயே நின்றது. குடத்தைக் கொஞ்சம் மெலிசாக ஊதினால் என்ன என்று கேட்டது. சடையாண்டிக்கு வந்த கோபத்தில் ஓணானை வேலிக்கு அப்பால் வீசியெறிந்தது. விழுந்த இடத்திலிருந்தும் அது தலையாட்டியது. சடையாண்டி உள்ளே போய் அடுப்பைப் பார்த்தது. நெருப்பு இருக்கிறதா இல்லையா என்று குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. வெகுநேரம் குனிந்தபடியே இருந்துவிட்டு வெளியே வந்து ஓணானைக் கூப்பிட்டது.

“ஒரு தடவைதான். அதுவும் ஒரு நூல்தான் மெலிசு” என்றது.

ஒரு நூல்தான் மெலிந்தது. மழைக்காலத்துக்குள் நாலு குடம் விரிசல் விட்டது. உடைந்த குடத்தைக் கொடுத்தால் புதுக்குடம் இனாம் என்று குரங்கு தமுக்கடித்தது. இனாம் என்றதும் நன்றாக இருந்த பழைய குடத்தையும் சில பேர் நாள் கணக்கில் பாறையில் மோதி மோதி உடைத்துக் கொண்டுவந்தார்கள். செவ்வந்தியின் குடத்தை அவள் பிள்ளைகளே ராப்பகலாகக் கொறித்துப் பிளந்து எடுத்துவந்தன. புதுசு சிவப்பு நிறமாம். அடுப்பு குபீரென்று எரிந்தது. சடையாண்டி பேச்சியம்மாளைத் தூக்கிச் சுற்றியது.

ஆனால் இந்தச் சமாசாரத்தில் ஒரு கோளாறு உண்டு. உருக்கிப் போட்டதில் பாதிதான் சரக்காகத் திரும்பும். மீதி புகையாகவும் கரியாகவும் போய்விடும். அதே எண்ணிக்கையில் குடம் வர வேண்டுமானால் இன்னும் மெலிசாக ஊத வேண்டும். மெலிசாக ஊதினால் சீக்கிரம் உடையும். உடைந்தால் அடுப்புக்குத் தீனி. இப்படியே போய்க் குடம் வெங்காயத்தோல் மாதிரி ஆனது. தண்ணீர் மொண்டால் பாறையில் பாதி ஏறுவதற்குள் பிய்ந்துவிடும். ஆனாலும் அடுப்பு அணையவில்லை. பக்கத்துக் காடுகள் தங்கள் குப்பையை எல்லாம் வாழ்த்துச் செய்தியோடு இனாமாக அனுப்பி வைத்தன.

செவ்வந்தி மட்டும் ஒரு நாள் ஈரக் காலோடு வந்து, “அண்ணே, ஒரு குடம் மாத்திரம் பழைய மாதிரி செஞ்சு குடுங்க. பிள்ளைங்களுக்கு நாக்கு வறண்டு போச்சு” என்று கேட்டாள். பழைய மாதிரி ஒரு குடம் என்றால் புதிய மாதிரியில் ஒரு வண்டிக் குடத்துக்கான சரக்கு. அடுப்பு தாங்காது. கரடி அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டு குடமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் மேலே வராவிட்டால் குட்டிகள்தான் கீழே வர வேண்டும். செவ்வந்தியும் மற்ற தாய்மார்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கே குடிவந்தார்கள். பிள்ளைகள் ஆற்றில் வாய் வைத்துக் குடித்தன. மலைப்பாம்பு தன் சொந்தச் செலவில் சடையாண்டிக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தது. ‘காடு காத்த கருணையே’ என்று எழுதியிருந்தது.

இனி யாருக்கும் குடம் வேண்டியதில்லை. சடையாண்டி அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. யாரும் குடம் வாங்காவிட்டால் எதை உடைப்பது, எதை உருக்குவது? சர்வேசன்தான் மறுபடி கைகொடுத்தது. ராஜாவிடம் பேசி ஓர் உத்தரவு வாங்கியது. ஒவ்வொரு மிருகமும் காலையில் ஒரு ஜன்னலில் புதுக்குடம் வாங்கி அடுத்த ஜன்னலில் அதை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவருக்கு ஒரு கேரட்டோ கருவாடோ அவரவர் சாதிக்குத் தக்கபடி. எத்தனை குடம் திரும்பியதோ அதுதான் அந்த வருஷத்து வளர்ச்சி. ஆற்றங்கரையில் குறைந்த தலை அந்தக் கணக்கில் வராது. மிருகங்கள் கோழி கூவும்போதே வந்து வரிசை கட்டின. குறுக்கே புகுந்த நரியைச் சேர்ந்து அடித்தார்கள். முன்னைவிடக் குடத்துக்கு மவுசு கூடிப்போனது.

குப்பையே இல்லாத காடு என்று ராஜா சடையாண்டிக்குப் பொன்னாடை போர்த்தியது. கரடிக்குப் பொன்னாடையில் வியர்த்துக் கொட்டியது. மேடையிலிருந்து பார்த்தால் வரிசை தெரிந்தது. செவ்வந்தி பிள்ளைகளோடு நின்றாள். ஆளுக்கொரு குடம். சடையாண்டி பிள்ளைகளை எண்ணத் தொடங்கியது. பாதியிலேயே எண்ணுவதை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து பொன்னாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தது. நெருப்பு ஆளுயரத்துக்கு எரிந்தது. அப்பன் காலத்தில்கூட அப்படி எரிந்ததில்லை. பேச்சியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நாப்தா இல்லை, மூடி இல்லை, குடமும் வீட்டுக்குப் போறதில்லை. இந்த அடுப்புல இப்போ என்னதாங்க வேகுது?”

சடையாண்டி இன்னொரு குடத்தை எடுத்து உள்ளே போட்டது.

“அடுப்புதான்” என்றது.

நீதி: தாகம் எடுத்தவர்கள் ஆற்றுக்குப் போகவும். குடம் வேண்டுபவர்கள் மட்டும் வரிசையில் நிற்கவும்.