பூ இல்லாமைச் சான்றிதழ்

பெரம்பலூர்லேருந்து ஜப்பானுக்குச் சொந்தமாத் திட்டம் போட்டுப் போக விரும்புறவங்க முதல்ல செய்ய வேண்டியது, எதுக்குப் போறோம்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருக்கிறது. பாஸ்போர்ட், விசா, கம்பளிச் சட்டை எல்லாம் அப்புறம்தான். இதை நான் ஜப்பானுக்குப் போய்த் தெரிஞ்சுக்கல. கூடுதல் சான்றிதழ்ப் பிரிவுக்கு எதிர்த்தாப்புல இருபத்திரண்டு வருஷமா டைப் அடிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். என் பேர் அரியமுத்து.

கூடுதல் சான்றிதழ்ப் பிரிவு எதுக்குன்னு கேப்பீங்க. சாதிக்கு, வருமானத்துக்கு, பொறந்ததுக்கு, செத்ததுக்குன்னு தனித்தனியா ஆபீஸ் இருக்கு. இது எதுலயும் சேராத சான்றிதழ் ஒருத்தனுக்குத் தேவைப்பட்டா பாவம் அவன் எங்க போவான்னு மேலிடத்துல யாரோ ஒரு புண்ணியவான் கவலைப்பட்டு இந்தப் பிரிவை ஆரம்பிச்சாரு. ஆரம்பிச்ச பிறகு ஆள் வரணுமேன்னு, எல்லா மனுவுலயும் 'கூடுதல் சான்று இணைக்கப்பட்டுள்ளதா?'ன்னு ஒரு கட்டத்தையும் சேத்தாங்க. அதுலேருந்துதான் என் பொழப்பும் ஓடுது. அதனால அந்த ஆபீஸை நான் குறை சொல்றதா யாரும் நினைச்சுடாதீங்க.

2004 ஜனவரியில லப்பைக்குடிக்காடு மதார் பாய், ஜப்பான் போகணும்னு என் டைப் கடைக்கு வந்தாரு. சவூதியில தம்மாம்ல கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலையில இருபத்திநாலு வருஷம் டிரைவரா இருந்தவரு. அங்க வந்த ஜப்பான் இன்ஜினியருங்களை ஏத்தி இறக்கி, அவங்க பாஷையில கொஞ்சமும், அவங்க ஊரைப் பத்தி ஒரு நோட்டு நிறையத் தகவலும் சேத்து வச்சிருந்தாரு. அந்த நோட்டை நான் படிச்சிருக்கேன். ரயில் பாஸை இங்கயே வாங்கிடணும், அங்க போனா வெளிநாட்டுக்காரனுக்கு விக்க மாட்டாங்க. கயிறு கட்டாத செருப்பு போடணும், எங்க போனாலும் கழட்டச் சொல்லுவாங்க. தெருவுல குப்பைத்தொட்டி இருக்காது, அவனவன் குப்பை அவனவன் பையில. காய்கறி எடுத்துட்டுப் போனா ஏர்போர்ட்லயே பிடுங்கிடுவாங்க. நோட்டு அட்டைக்குள்ள 'பன்னிக்கறி வேண்டாம்'னு அவங்க எழுத்துலயே எழுதின சீட்டு ஒண்ணு, ரோஸ் கலர்ல பூத்த செர்ரி மரம் போட்ட தபால் அட்டை ஒண்ணு.

"அங்க என்ன வேலை பாய்?"ன்னேன்.

"வேலையெல்லாம் இல்ல அரியமுத்து. ஹஃபீசாவைக் கூட்டிக்கிட்டுப் போயி பூ பாத்துட்டு வரணும்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவரு சிரிக்கல. இருபத்திநாலு வருஷத்துல அவரு சம்சாரம் ஹஃபீசா திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனது பதிமூணு தடவை. எல்லாத் தடவையும் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான். கதவுக்கு அந்தப் பக்கம் இவரு போயிடுவாரு, இந்தப் பக்கம் நின்னு அந்தம்மா முந்தானையால கண்ணைத் தொடைச்சுட்டு பஸ் ஏறிடும். ஒரு தடவை ரெண்டு பேரும் சேந்து உள்ள போவோம், வேலைக்கு இல்லாம சும்மா போவோம்னு இவரு வாக்குக் குடுத்திருந்தாரு. இப்ப என்னன்னா, அந்தம்மாவுக்கு சக்கரை கண்ணுல இறங்க ஆரம்பிச்சுடுச்சு. அடுத்த வருஷம் எப்படியோ, பாக்க வேண்டியதை இந்த வருஷம் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பூவோ ஏப்ரல் முதல் வாரம் பூத்து, ஒரே வாரத்துல கொட்டிப் போற பூ.

லப்பைக்குடிக்காட்டுல ஒருத்தர் வெளிநாடு போறார்னா தெருவே பார்சல் கொண்டாந்து குடுக்கும். இவரு ஜப்பான்னு சொன்ன அன்னிக்கே எட்டு பார்சல் வந்துடுச்சு. "போற வழியில துபாய்ல எங்க ஹஸ்ஸான்கிட்ட இந்த ஊறுகாயைக் குடுத்துடுங்க மாமு"ன்னு ஒருத்தர். துபாய் மேக்கால, ஜப்பான் கிழக்காலன்னு பாய் சொன்னா, "ஏறிட்டா எல்லாம் ஒரே வானம்தானே"ன்னாங்க.

ஜப்பான் போறதுக்குக் கூடுதல் சான்று கேட்டு நான் மனு அடிச்சேன். நோக்கம்னு ஒரு கட்டம். வேலை, படிப்பு, மருத்துவம், யாத்திரை, இதர. நான் 'இதர'வுல டிக் பண்ணி, பக்கத்துல 'பூ பார்க்க'ன்னு அடிச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

பிரிவுக் கண்காணிப்பாளர் காசிநாதன் சார் மனுவை ரெண்டு தரம் படிச்சுட்டுப் பாயைப் பாத்தாரு.

"பூவா?"

"ஆமாங்க சார்."

"வியாபாரத்துக்கா?"

"இல்லைங்க சார். பாக்குறதுக்கு."

"பாத்துட்டு?"

"திரும்பி வந்துடுவோம்."

சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "பாய், என் முப்பது வருஷ சர்வீஸ்ல, திரும்பி வர்றதுக்காக வெளிநாடு போறேன்னு எழுதிக் குடுத்த ஆளை இப்பத்தான் பாக்குறேன். சரி, அது உங்க இஷ்டம். ஆனா அந்தப் பூ நம்ம மாவட்டத்துலயே இருந்துட்டா? உள்ளூர்ல இருக்கிறதைப் பாக்க வெளிநாடு போனா அந்நியச் செலாவணி என்னாகுறது?"

"இங்க இல்லைங்க சார்."

"இல்லைன்னு நீங்க சொல்றீங்க. பேப்பர் சொல்லணும்ல?"

அப்படிப் பொறந்ததுதான் பூ இல்லாமைச் சான்றிதழ். அரியலூரைத் தனி மாவட்டமாப் பிரிச்சு, திரும்ப எங்களோடயே ஒட்டியிருந்த சமயம் அது. அதனால ரெண்டு பக்கமும் வாங்கணும்னு ஆயிடுச்சு. எல்லாக் கிராமமும் வேண்டாம், மனிதாபிமான அடிப்படையில முப்பத்தொண்ணு போதும்னு சார் இரக்கப்பட்டாரு. வாலிகண்டபுரம் தொடங்கி தா.பழூர் வரைக்கும் பாய் தன்னோட மொபெட்ல அலைஞ்சாரு. பின்னாடி ஹஃபீசா. "ஜப்பானைப் பாக்குறமோ இல்லையோ, மாவட்டத்தைப் பாத்துட்டோம்"னு அந்தம்மா சொல்லிச்சு.

இங்க என் தொழிலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கிராம நிர்வாக அலுவலருங்க கையெழுத்துக்கு நான் மொத்தமா ஃபாரம் அச்சடிச்சு வச்சிருப்பேன். 'மேற்படி ............ எனது கிராமத்தில் உள்ளது எனச் சான்றளிக்கிறேன்.' கிணறு, மாடு, தென்னை, எல்லாத்துக்கும் அதே ஃபாரம்தான். இல்லைங்கறதுக்குச் சான்று கேட்டு எவனும் வந்ததில்ல. அதனால ஒவ்வொண்ணுலயும் 'உள்ளது'வை அடிச்சுட்டு மேல 'இல்லை'ன்னு டைப் பண்ணினேன். முப்பதுல அடிச்சேன். முப்பத்தொண்ணாவதை எடுக்கிற நேரம் டீ வந்துச்சு.

அது ஒதியனேந்தல் கிராமத்து ஃபாரம். அந்த ஊரு அலுவலர் செல்லக்கண்ணு எதையும் படிச்சுக் கையெழுத்துப் போடுற வழக்கமில்லாதவரு. போட்டாரு. சீலும் குத்திட்டாரு.

"முப்பது ஊர்ல இல்லை. ஒதியனேந்தல்ல உள்ளது"ன்னு காசிநாதன் சார் சந்தோஷமாச் சொன்னாரு.

நான் ஓடிப் போயி நின்னேன். "சார், அது என் டைப் தப்புங்க சார்."

"அரியமுத்து, டைப்ல தப்பு இருக்கலாம். கையெழுத்துலயும் சீல்லயும் எப்படிய்யா தப்பு இருக்கும்?"

செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டுப் பூவைக் காட்டச் சொன்னாங்க. இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு இல்லைன்னா விளக்கம் கேப்பாங்களே. மனுஷன் தடுமாறாம, வயக்காட்டு வேலியோரம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற மரத்துக்கிட்ட கொண்டு போய் நிறுத்திட்டாரு. மாசி மாசம், அந்த மரம் இலையெல்லாம் உதுத்துட்டு மொட்டைக் கிளையில ரோஸ் கலர்ல பூத்துக் கிடந்துச்சு. சார் பாயோட தபால் அட்டையைப் பக்கத்துல பிடிச்சுப் பாத்தாரு. "அதுவும் ரோஸ். இதுவும் ரோஸ். பொருந்துது."

மறுநாள் உத்தரவு வந்துச்சு. நான்தான் அடிச்சேன். 'மனுதாரர் காண விரும்பும் பூவானது மனுதாரரின் இல்லத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தொலைவிலேயே செழித்து விளங்குவதால், மனு நிராகரிக்கப்படுகிறது. மனுதாரர் நகரப் பேருந்தில் சென்று கண்டுகளிக்கலாம்.'

கண்டுகளிக்க ஊரே கிளம்பிடுச்சு. ஜவுளிக்கடையில 'ஜப்பான் ரோஸ்' சேலை வந்துச்சு. முடி வெட்டுற கடை ஒண்ணு டோக்கியோ சலூன் ஆச்சு. கல்யாணம் ஆனவங்க எல்லாம் வேலியோரம் நின்னு போட்டோ எடுத்தாங்க. நானும் எடுத்தேன், பொய் சொல்லுவானேன். இத்தனை நாளா அந்த மரத்துல மேஞ்ச ஆடுங்களுக்கு மட்டும் தடை போட்டுட்டாங்க.

கண்டுபிடிச்ச பூவைக் காப்பாத்தணுமே? எப்படின்னு தெரிஞ்சுக்க, ஏழு பேர் கொண்ட குழு ஏப்ரல் முதல் வாரம் ஜப்பான் போறதுன்னு முடிவாச்சு. தலைவர் காசிநாதன் சார். எங்க ஆபீஸ்ல ஒரு காரியம் ஒரே மாசத்துல முடிஞ்சதை அன்னிக்குத்தான் பாத்தேன். மனுவோட குடுத்திருந்த பாயோட நோட்டு 'இணைப்பு நான்கு'ன்னு ஃபைல்ல சேந்துடுச்சு. அதை ஏழு காப்பி எடுக்க என் கடைக்கே அனுப்பினாங்க. பாய் போயி நோட்டைத் திருப்பிக் கேட்டதுக்கு, அது இப்ப அரசு ஆவணம், நகல் வேணும்னா மனுப் போடுங்கன்னுட்டாங்க. அவரு என் கடையில வந்து உக்காந்தாரு. எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

மறுநாள் ஹஃபீசா தனியா வந்துச்சு.

"அண்ணே, அந்தக் கட்டத்துல என்னென்னமோ போட்டிருக்குமே, முதல்ல என்ன?"

"வேலை."

"அதையே அடிங்க."

அடிச்ச பேப்பரோட நேரா காசிநாதன் சார்கிட்ட போச்சு. நானும் பின்னாலயே போனேன்.

"சார், அங்க பச்சை மீனும் கடல் பாசியும்தானாமே. பத்து நாளும் உங்களுக்கு ரசம் யாரு வைப்பா?"

அந்தக் குழுவுல இதைப் பத்தி ஒருத்தரும் யோசிக்கல.

"சமைக்க நான் வர்றேன். மூட்டை தூக்கவும் பாஷை பேசவும் எங்க வூட்டுக்காரரு. எங்க டிக்கெட்டு எங்களோடது. நோக்கம், வேலை."

கால் மணி நேரத்துல கையெழுத்தாச்சு. "வேலைன்னா சந்தேகமே இல்லம்மா"ன்னாரு சார். பேனாவை மூடுறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கையும் விட்டாரு. "ஒண்ணு மட்டும். வேலைன்னு எழுதிட்டு அங்க பூவைப் பாத்தீங்கன்னா நோக்கம் மாறிடும். மாறினா நடவடிக்கை உண்டு."

"சரிங்க சார்"னு தலையாட்டிட்டு வந்துடுச்சு. அந்த வாரம் அந்தம்மா கண்ணாடிக் கதவுக்கு உள்ள போச்சு. திரும்பிப் பாத்து, வெளிய நின்ன எனக்குக் கையாட்டுச்சு.

அங்க நடந்ததைப் பாய் வந்து சொன்னதுதான். ஏழு பேர்கிட்டயும் நோட்டு நகல் இருந்துச்சு, யாரும் படிக்கல. படிச்சா அதுல உள்ளதை ஏத்துக்கிட்டதா அர்த்தமாயிடும்னு பயம். ரயில் பாஸ் வாங்காம போனாங்க. கயிறு கட்டின ஷூ போட்டுப் போயி, கோயிலுக்குக் கோயில் கழட்டி மாட்டுறதுலயே பொழுது போச்சு. ரயில் எப்படியும் பத்து நிமிஷம் லேட்டா வரும்னு அனுபவத்துல கணக்குப் போட்டு, தினமும் ஒரு ரயிலை விட்டாங்க. பெரம்பலூர் சின்ன வெங்காயம் ஒரு மூட்டை கொண்டு போனாங்க, ஏர்போர்ட்ல போச்சு. அங்கயே வெங்காயம் வாங்கிச் சமாளிச்சாங்க.

செர்ரி மரங்களுக்குக் கீழ ஜனங்க பாய் விரிச்சு உக்காந்திருந்தாங்களாம். குழு மரத்துக்கு முதுகைக் காட்டி, கையில பேனரோட போட்டோ எடுத்துக்கிட்டிருந்துச்சு. ஹஃபீசா ஒரு பாயை விரிச்சு, மடியில வெங்காயத்தை வச்சுக்கிட்டு உக்காந்துடுச்சு.

"என்னம்மா பண்றீங்க?"ன்னாரு சார்.

"வெங்காயம் உரிக்கிறேன் சார். வேலை."

"கண்ணு ஏன் மேல போகுது?"

"எரியுது சார். அதான் நிமிந்துக்கறேன்."

"பாய், நீங்க?"

"தட்டு பிடிக்கிறேன் சார்."

பூ இருந்த ஏழு நாளும் அந்தம்மா மரத்தடியிலயே உரிச்சுச்சு. அந்த வாரம் குழு பாயசத்துலகூட வெங்காயம் சாப்பிட்டுச்சு. "நான் வெங்காயத்துக்கு அழுவுறேன்னே நினைச்சுக்கிட்டாரு அண்ணே. மாஷா அல்லாஹ், வயிறு நிறையப் பாத்தேன், வயிறு நிறைய அழுதேன்"னு ஹஃபீசா என்கிட்ட சொல்லுச்சு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா குழு அறிக்கை குடுத்தாகணுமே. 'பூக்கும் மரத்தடியில் பாய் விரித்து வெங்காயம் உரிப்பது ஜப்பானியரின் தொன்மையான மரபு என நேரில் அறியப்பட்டது.' ஆதாரத்துக்கு ஹஃபீசாவோட போட்டோ.

அடுத்த வருஷம் மாசியில ஒதியனேந்தல்ல பூ விழா. பொதுமக்கள் தலைக்கு ஒரு கிலோ சின்ன வெங்காயத்தோட வரணும். வெங்காயம் விளையுற ஊரு, அதுக்கா பஞ்சம்? வேலியோரம் ஐந்நூறு பேர் பாயைப் போட்டு உக்காந்தோம். நானும் என் சம்சாரமும் ரெண்டு கிலோ. கண்ணுல தண்ணி வந்தவங்களுக்கு மட்டும் காசிநாதன் சார் வருகைப் பதிவு போட்டுக்கிட்டே வந்தாரு. மரம் பூத்துக் குலுங்குச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தோம். இது ஆட்டுத்தழை மரம்னு அந்த ஐந்நூறு பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல.

அப்பத்தான் ஒரு வெள்ளாடு கயித்தை அத்துக்கிட்டு நடுவுல வந்து, தலையை நல்லா நிமித்தி, பூவை ஆற அமரப் பாத்துட்டு, ஒரு கொத்தைக் கடிச்சு இழுத்துச்சு.

"யாரு ஆடுய்யா இது?"ன்னு சார் கத்தினாரு.

மூக்கை உறிஞ்சிக்கிட்டே எந்திரிச்சேன். "என்னோடதுங்க சார்."

"இங்க எதுக்கு வந்துச்சு? நோக்கம் என்ன?"

இருபத்திரண்டு வருஷத்துல நான் கத்துக்காததை ஹஃபீசா ஒரே நாள்ல கத்துக் குடுத்திருந்துச்சு.

"வேலைங்க சார்"ன்னேன்.

சார் ஆட்டை ஒரு தரம் ஏற இறங்கப் பாத்தாரு. நோட்டைப் புரட்டி அதுக்கும் வருகைப் பதிவு போட்டுட்டு, அடுத்த பாய்க்கு நகர்ந்துட்டாரு.