அப்பாவுக்கு நூற்றுக்கு நூறு

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் சரியான பதில் எங்கள் பக்கத்திலிருந்துதான் போகவேண்டும். (வைத்தியம் இல்லை. கலியாணம் கட்டியும் மாறவில்லை.)

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த வியாதியால் எங்கள் குடும்பமே கவிழ்ந்தது. அப்பா நாயாற்றில் மீன்பிடித்தவர். அவர் ஏறிப்போன லொறி குடைசாய்ந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறியது, ஞாபகம் திரும்பவில்லை. களப்பில் வலையைப் போட்டுவிட்டு, எங்கே போட்டோம் என்று கரையில் நின்று யோசிப்பார். வவுனியா நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போட்டோம். பணம் கிடைத்தால் புதுக்குடியிருப்பில் சின்னக் கடையொன்று போட்டு அப்பாவை அதில் இருத்தலாம் என்பது அம்மாவின் திட்டம். அதற்கு, அப்பாவின் ஞாபகசக்தி பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மனநல வைத்தியர் பரிசோதித்து எழுதித் தரவேண்டும்.

அம்மா இதையெல்லாம் எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். என் மண்டையில் ஏறியது ஒன்றுதான்: டொக்டர் கேள்வி கேட்பார்.

நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். டியூசனில் முதல் வாங்கில் இருக்கிறவள். என் அப்பா ஒரு கேள்விக்கு முழிப்பதா? அதே டொக்டரிடம் போய்வந்த கடைக்காரர் ஒருவரைப் பிடித்துக் கேள்விகளை வாங்கிவந்தேன். (பழைய வினாத்தாள் பார்க்காமல் சோதனைக்குப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை.) நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாராம். மூன்று பொருள்களைச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கேட்பாராம். எல்லோருக்கும் அதே மூன்றுதானாம்: கதிரை, மாம்பழம், சைக்கிள்.

அன்றே வகுப்பு ஆரம்பம். "தொண்ணூத்திமூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது" என்று அப்பா செபமாலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"ஏன் பிள்ளை அந்த மனிசனை வதைக்கிறாய்? உள்ளதைச் சொன்னால் காணும்" என்றார் அம்மா குசினிக்குள் இருந்து.

"சும்மா இருங்கோ அம்மா. நீங்கள் எத்தினை சோதினை எடுத்தனீங்கள்?"

உண்மையில், அப்பா மறக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பாடமாக்கினால் சரிவந்துவிடும் என்று நம்பினேன்.

வவுனியாவில் அப்பா வெளுத்துவாங்கினார். டொக்டர் போதும் என்ற பிறகும் கழித்தலை நிறுத்தவில்லை. "கதிரை, மாம்பழம்" என்று டொக்டர் தொடங்க, "சைக்கிள்" என்று அப்பாவே முடித்துவைத்தார். டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்து, நாங்கள் படிக்காத கேள்வி ஒன்று வந்தது.

"இப்ப எத்தினை மணி ஐயா?"

அப்பா கைமணிக்கூட்டைப் பார்த்தார். "பத்தரை."

சுவர் மணிக்கூட்டில் பதினொன்று.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"பத்தரைதான் டொக்டர்."

டொக்டரின் பேனை முதல்முறையாக எழுதத் தொடங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிவிட்டேன்.

"டொக்டர், அது பிழையில்லை. அரசாங்கம்தான் நேரத்தை அரை மணித்தியாலம் கூட்டினது. வன்னிக்குள்ள நாங்கள் இன்னும் பழைய நேரம். அப்பான்ரை மணிக்கூடு அதிலதான் ஓடுது. அவருக்கு அந்தப் புள்ளியைக் குடுக்கவேணும்."

வன்னி அப்போது அரசாங்கத்தின் கையில் இல்லை. மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து வருகிற டொக்டருக்கு இது புதினம். சிரித்துக்கொண்டே எழுதியதை வெட்டினார்.

"நீங்களோ சொல்லிக்குடுத்தது?"

"ஓம்" என்றேன், தலையை நிமிர்த்தி.

"புதுசாப் படிச்சதை இவ்வளவு ஞாபகம் வைச்சிருக்கிறார் எண்டால், ஐயாவுக்கு ஒரு குறையும் இல்லை."

பரிசு வாங்கியவள்போல வெளியே வந்தேன். பஸ் நிலையத்தில் அப்பாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அவர் ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

"பிள்ளை, டொக்டரிட்டை எப்ப போறது?"

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. பஸ்ஸில் வழிமுழுக்க அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.

வழக்குப் படுத்தது. கடை இல்லை. அம்மா கருவாடு விற்றுத்தான் எங்களை ஆளாக்கினார். விசாரித்தவர்களிடம், "எங்கடை மனிசன் நூற்றுக்கு நூறு எடுத்தவர். காசுதான் சைபர்" என்று சிரித்துச் சமாளித்தார். ஒருநாளும் என்னை ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது.

போன மாதம் தம்பி, முழங்கால் ஏலாமல், வேலைசெய்ய முடியாது என்று எழுதி வாங்க மெடிக்கல் போர்ட்டுக்குப் போனான். துணைக்கு என்னையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனவன், ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறங்க விடவில்லை.

"அக்கா, நீங்கள் இதுக்குள்ளயே இருங்கோ. நான் நொண்டி நொண்டித் தனியப் போட்டு வாறன். நீங்கள் வந்தால் என்னை ஓடிக் காட்டச் சொல்லுவியள்."