ரைட்டர் ஐயாவுக்கு ஒரு பிழை

வாசகப் பெருமக்களே, ஏற்காட்டு மலையில் குரங்குக்கும் ஆரஞ்சு விற்பவருக்கும் அடுத்தபடியாக மனிதரை வழிமறிக்கும் இனம் ஒன்று உண்டு. அதற்கு ஓரெழுத்துக்காரர் என்று பெயர். தோற்றத்தில் இரட்டையரைப்போல் இருந்துகொண்டு பொருளில் பங்காளிகளைப்போல் பிரிந்து கிடக்கும் ஆங்கிலச் சொற்களை இனம் பிரித்து வைப்பதற்கென்றே கடவுள் தம்மைப் படைத்தார் என்பது இவ்வினத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. வேறு ஊர்களில் ஊருக்கு ஐந்தாறு பேர் இருப்பார்கள். எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒருவரே இருந்தார். ஆறு பேருடைய வேலையையும் அவரே பார்த்தார்.

அவர் ஆரோக்கியதாஸ். காப்பி எஸ்டேட் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். சிவப்பு அடிப்பதற்கு; நீலம் திருத்துவதற்கு. காலை ஒன்பது மணிக்கு, பஸ் நிற்கும் ஒண்டிக்கடை முக்கில் வந்து நிற்பார். அந்த வழியே ஒரு விண்ணப்பமோ வாழ்த்து மடலோ பெயர்ப்பலகையோ அவர் கண்ணில் படாமல் கடந்துவிட முடியுமா? முடியாது. காகிதத்தை வாங்குவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், "ம்ம்" என்பார், பிறகு எழுதியவரை நிமிர்ந்து பார்த்து, "ஓரெழுத்துத்தானேன்னு நெனைக்காதீங்க" என்று தொடங்குவார்.

எழுதுபொருள் கடைக்காரரிடம், "ஸ்டேஷனரியில ஈ போட்டாத்தானுங்க காகிதம், பேனா. ஏ போட்டா நகராம நிக்கறதுன்னு அர்த்தம். உங்க சரக்கு நகராததை ஊருக்கெல்லாம் ஏனுங்க சொல்றீங்க?" என்பார். லாட்ஜ் நடத்தும் பழனிசாமியிடம், "டெசர்ட்டுக்கு ரெண்டு எஸ் போடுங்க. ஒரு எஸ்ஸோட நிறுத்திட்டீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் விருந்தாளிக்குப் பாலைவனமா பரிமாறுவீங்க?" என்பார்.

இங்கே ஓர் இரகசியம். பிழையே இல்லாத காகிதத்தை அவரிடம் நீட்டியவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. முதல் வரியில் பிழை கிடைக்காவிட்டால் இரண்டாம் வரி, பிறகு உறையின் முகவரி, பிறகு அஞ்சல்தலை ஒட்டிய கோணம், கடைசியில் எழுதியவரின் குடும்பத்தில் யார் யார் எதுவரை படித்தார்கள் என்ற விசாரணை. அதற்குள் இரண்டு பஸ் போய்விடும். பிழை ஒன்று சட்டென்று கிடைத்தாலோ ஐந்தே நிமிடத்தில் முகம் மலர்ந்து விடைகொடுப்பார். ஆகவே மலைவாசிகள் ஒரு வழக்கம் கண்டார்கள். முதல் வரியிலேயே, வேண்டுமென்றே, ரைட்டர் ஐயாவுக்கென்று ஒரு பிழை. ஆறு ஆண்டுகளாக இந்தப் படையல் தவறாமல் நடந்து வந்தது. அவருக்கு மட்டும் தெரியாது.

தெரிந்த நாள் ஒரு திங்கட்கிழமை. லாட்ஜுக்குப் புதுப் பலகை எழுத மாரிசாமி என்ற பெயிண்டர் சேலத்திலிருந்து வந்திருந்தான்.

"டெசர்ட்டுல ஒரு எஸ் கொறையுதுங்களே அண்ணா?" என்றான் மாரிசாமி, பழனிசாமி எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து.

"தெரியுமப்பா. அப்புடியே எழுது. நம்ம ரைட்டரு வருவாரு, ஒரு தப்பைக் கண்டுபுடிச்சாப் போயிருவாரு. இல்லீனா உள்ள வந்து பில் புஸ்தகம் வரைக்கும் படிச்சுப்போட்டுத்தான் எந்திரிப்பாரு!" என்று சிரித்துக்கொண்டே திரும்பிய பழனிசாமியின் மூக்குக்கு அரையடி தூரத்தில் நின்றவர் யார்? வேறு யார்!

ஆரோக்கியதாஸ் வந்த வழியே திரும்பினார். வீட்டுக்கு வந்தார், பென்சிலை மேசை இழுப்பறைக்குள் போட்டார், படுத்துவிட்டார். இத்தனை ஆண்டுகள் தாம் வேட்டையாடியதாக எண்ணியவை எல்லாம் ஊரார் தட்டில் வைத்து நீட்டியவையா? ஆயிரம் திருத்தங்களில் உண்மையானவை எத்தனை? நூறு? பத்து? மூன்று நாள் அவர் ஒண்டிக்கடைப் பக்கம் போகவில்லை.

நான்காம் நாள் பகல் பன்னிரண்டரைக்கு, பக்கத்து ஊரான தலைச்சோலையிலிருந்து செல்வமேரி என்ற பட்டதாரிப் பெண் அவர் வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை வேலை காலியாக இருந்தது. கைப்பட எழுதிய விண்ணப்பத்தை அன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் கொடுத்தாக வேண்டும். ஒன்றரை மணிப் பஸ்ஸை விட்டால் வேலையும் விட்டது.

"ரைட்டர் ஐயா, ஏனுங்க, ஒரு பார்வை பாத்துக் குடுத்துருங்க."

"நான் இனி யாரோட காகிதத்தையும் தொடறதில்லை கண்ணு. நீ வெச்ச தப்பை நீயே எடுத்துக்கோ."

செல்வமேரி தலைகுனிந்தாள். "வெச்சது நெசந்தானுங்க. பிரின்சிபல் அவர்களுக்குன்னு மேல எழுதறதுல. ஆனா அதை எடுக்கத் தெரியலீங்க."

"பி.ஏ. படிச்சிருக்கறே, தெரியலையா?"

"படிக்கறப்பத் தெரிஞ்சுதுங்க. உங்களுக்காக ஆறு வருசமா மாத்தி மாத்தி எழுதி, இப்ப எது நெசம், எது உங்களுக்குப் போட்டதுன்னே கொழப்பமாப் போச்சுங்க. ஊட்டுல அகராதியும் இல்லீங்க. நீங்கதான் இருக்கறீங்களே!"

அந்த நேரத்தில் பழனிசாமியும் வாசலில் வந்து நின்றார். "ஐயா, நீங்க வந்து திருத்துவீங்கன்னு விட்ட பாலைவனம் மூணு நாளா பலகையில அப்புடியே கெடக்குதுங்க. பெங்களூர்க்காரரு ஒருத்தரு அதைப் போட்டோப் புடிச்சுட்டுப் போறாருங்க. நொம்பக் கேவலமாப் போச்சு!"

ஆரோக்கியதாஸ் மோட்டுவளையைப் பார்த்தார். அவருடைய மனைவி மரியபுஷ்பம் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளை பஸ்ஸுக்குப் போகோணும். ஊரே உங்களுக்குத் தப்பு வெச்சுதுன்னா கோவமா? நானுந்தான் தெனமும் காலண்டர்த் தாளைக் கிழிக்காம வெக்கறேன். நீங்க கிழிச்சு நாலு வார்த்தை சத்தம் போட்டாத்தானே உங்களுக்குக் காப்பி எறங்குது!"

முப்பத்தெட்டு ஆண்டுத் தாம்பத்தியத்தின் காலண்டர் முழுவதும் அவர் கண்முன் படபடவென்று புரண்டது. விண்ணப்பத்தை வாங்கக் கை நீண்டது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"பிரின்சிபலுக்குக் கடைசியில ஏ, எல் போடோணும். எல், ஈ போட்டா கொள்கைன்னு அர்த்தம். நீ ஒரு கொள்கைகிட்ட வேலை கேட்டிருக்கறே."

மேசை இழுப்பறையிலிருந்து பென்சில் வெளியே வந்தது; சிவப்பு அடித்தது, நீலம் திருத்தியது. தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்தினார். கண் எட்டாம் வரியில் குத்திட்டது.

"அடாப்ட். நடுவுல ஓ போட்டிருக்கறே. ஏ போட்டாத்தான் பிள்ளைகளோட ஒத்துப்போறது. ஓ போட்டாத் தத்தெடுக்கறது. வகுப்புல இருக்கற அறுபது பேரையும் தத்தெடுக்கப்போறியா கண்ணு? இது... இதையும் எனக்காக வெச்சியா?"

"ஐயோ, இல்லீங்க! மாதா சத்தியமா இல்லீங்க! அது நெசத் தப்புங்க!"

நிஜப் பிழை! ஆரோக்கியதாஸ் எழுந்து நின்றுவிட்டார். "பழனிசாமி, ஓடுங்க, பஸ்ஸை நிறுத்துங்க! புஷ்பம், மையும் வெள்ளைத் தாளும்! நீ உக்காரு கண்ணு, சுத்தப் பிரதி எழுது, நான் சொல்லச் சொல்ல எழுது!" அவர் உரக்கப் படிக்க, அவள் எழுத, மரியபுஷ்பம் தாளை ஊதிக் காயவைக்க, பழனிசாமி ஒண்டிக்கடையில் பஸ்ஸின் முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றுகொண்டு கண்டக்டரிடமிருந்து பெற்ற வாழ்த்துகளை இங்கே எழுத இயலாது. ஒன்று முப்பத்தெட்டுக்குப் பஸ் புறப்பட்டது, செல்வமேரியோடு.

வேலை கிடைத்தது. நியமன ஆணையை அவள் முதலில் ரைட்டர் ஐயாவிடந்தான் கொண்டுவந்து காட்டினாள். முறைப்படி கண்ணாடி கழன்றது, துடைக்கப்பட்டது, மாட்டப்பட்டது. இரண்டாம் வரியிலேயே ஒரு பிழை. ஆணையில் அடித்துவிடுவாரோ என்று செல்வமேரி கையை நீட்டினாள். அவரோ அடிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. அந்தச் சொல்லை விரலால் மெல்லத் தடவிக் கொடுத்தார்.

"பாத்தியா கண்ணு," என்றார், கண் கலங்க. "என் பேரு சேலம் வரைக்கும் எட்டியிருக்குது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அன்பரே, நேற்றுக் காலை உங்கள் வீட்டில் ஒரு தவறைக் கண்டுபிடித்து, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, நெஞ்சு நிமிர்த்தி நடந்தீர்களே, அப்போது வீட்டார் அத்தனை பேரும் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டது ஏன் என்று எப்போதாவது யோசித்தீர்களா?